போடி மெட்டு ஏறிய நாள்

பேரையூர்
12.8.1979

அன்பு மகன் முத்திருளனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் ரெண்டு ஆடும் சுகம். அங்கே பனியில் நீயும் உன் பட்டாளத்து லாரியும் சுகமாக இருக்கவேண்டும் என்று பாண்டி முனியை நினைத்துத்தான் தினமும் விளக்குப் பொருத்துகிறேன். இன்னும் அஞ்சு வருசத்துக்குப் பட்டாளத்தில் நீட்டிக் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். கோபத்தில் பதில் போடாமல் இருந்தேன் என்று நினைக்காதே, என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மலை ரோடு நம்ம உசிலம்பட்டி ரோடு மாதிரிதான், ஒண்ணும் பயமில்லை என்று ஒவ்வொரு தடவையும் எழுதுகிறாய். சாப்டூர் மலையைத் தினம் பார்க்கிறேனே தவிர மலை ரோட்டில் நான் எங்கே போயிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுச் சின்னத்தாய், தேயிலை எஸ்டேட்டில் இருக்கிற மகளின் பிரசவத்துக்குப் போகத் துணைக்குக் கூப்பிட்டாள். போடி மெட்டு மலை ரோட்டில் ஏறிப் போகவேண்டும் என்றதும் கிளம்பிவிட்டேன். அடிவாரத்தில் பஸ் டிரைவர் இறங்கிச் சூடம் காட்டிவிட்டு வந்தார். எல்லோரும் மலைப் பக்கமாக உட்காரச் சொன்னார்கள், நான்தான் பிடிவாதமாகப் பள்ளத்துப் பக்கம் உட்கார்ந்தேன், நீ பார்ப்பதை நானும் பார்க்கவேண்டாமா. ஒரு வளைவில் மேலேயிருந்து லாரி வந்து, எங்கள் பஸ் பின்னால் போக வேண்டியதாகிவிட்டது. கண்டக்டர் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். ஜன்னலுக்குக் கீழே தரையே இல்லையப்பா, மேகம்தான். சின்னத்தாய் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், நான் கண்ணை மூடவில்லை.

மெட்டில் டீக்கு நிறுத்தியபோது டிரைவரிடம், பயமாக இல்லையா தம்பி என்று கேட்டேன். "ஒண்ணும் பயமில்லத்தா, பழகிப்போச்சு" என்று சிரித்தார். சிரிக்கும்போதே கிளாஸ் ஆடி, டீ தளும்பிச் சட்டையில் கொட்டியது. நீ எழுதுகிற அதே வார்த்தை. உனக்கு அனுப்ப முந்தானையில் முடிந்து வைத்திருந்த பாண்டி கோயில் திருநீற்றை அவர் நெற்றியில் பூசிவிட்டேன். அதனால் இந்தக் கவரில் திருநீறு இல்லை.

சின்னத்தாயை அங்கே விட்டுவிட்டுத் தனியாகத்தான் திரும்பினேன். பூட்டைத் திறந்து உள்ளே வந்ததும், இம்புட்டுத் தூரம் போய் வந்ததை யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. உன் அப்பா இருந்திருந்தால் கேலி செய்தாவது கேட்டிருப்பார். கடைசியில் ஆடுகளிடம் சொன்னேன், சிரிக்காதே.

காதை மூடிக்கொள், வெறும் வயிற்றோடு வண்டி எடுக்காதே. கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம், எதுவானாலும் என் ஆசீர்வாதம் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பயமாக இருந்த அன்றைக்குப் பயமாக இருந்தது என்றே எழுது. நீ அங்கே தனியாகவும் நான் இங்கே தனியாகவும் பயந்தது போதும், இனி ரெண்டு பேரும் சேர்ந்தே பயப்படுவோம்.

உன் அம்மா
ராமக்காள்