தாமரைக் குளத்து டீசல்

18.11.1997
தாமரை இலை நன்றாக விற்றுப் போகிறது. விட்டுவிட்டு மழை, அதனால் பூவும் பெரிது. விடியும்போது குளத்தில் இறங்கினால் என்னிடம் பேச அங்கே யாரும் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றதில் எனக்கு இந்த ஒரு லாபம். பறிப்பது நான், கோயில் தெருவில் விற்பது அப்பா. இந்த வருடமும் குத்தகை எங்களுக்குத்தான்.

24.11.1997
டேங்கர் லாரி வளைவில் கவிழ்ந்து டீசல் மொத்தமும் குளத்துக்குள். டிரைவருக்குக் கை மட்டும் முறிந்ததாம். நான் அழ ஆரம்பிப்பதற்குள் ஊரே குடத்தோடு வந்துவிட்டது. பம்புசெட்டுக்கு ஆகுமாம். பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் அத்தை பால் ஏடு எடுப்பது மாதிரி மேலாக வழித்தெடுத்தது.
"என்ன எழிலு பாத்துனு நிக்கற? மொண்டு ஊத்து!"
நானும் மொண்டேன். வேறென்ன செய்ய?

2.12.1997
இலையெல்லாம் ஓரம் கருகிவிட்டது. கார்த்திகை தீபத்துக்குப் பூ இல்லை.
ஆசிரமத்துப் பக்கம் ரசூல் பாய் லாட்ஜில் ரூம் கூட்ட ஆள் வேண்டுமாம், அப்பா சொன்னார். அங்கே வருகிறவர்கள் ஏதாவது கேட்பார்களே — நான் என்னான்னு சொல்றது? செத்துடுவேன்.

9.1.1998
தாசில்தார் வந்தார். லாரிக் கம்பெனி ஆள் பேண்ட்டை மடித்துவிட்டுக் கரையில் நின்று, "டீசலை நீங்களே வாரிக்கினு போயிட்டு நஷ்டஈடு வேறயா?" என்றான். எல்லோரும் தலை குனிந்தோம்.
அத்தை மட்டும், "வாராம வுட்டிருந்தா ஒரு தவளை மிஞ்சியிருக்குமா? வாரின கூலிய குடு மொதல்ல!" என்றது. தாசில்தாரே சிரித்துவிட்டார். கம்பெனி கொடுத்தே ஆகவேண்டும் என்றார்.
பிறகு அப்பாவைக் கேட்டார். கையில் பணம் வேண்டுமா, குளத்தைச் சுத்தம் செய்து புதுக் கிழங்கு நட்டுத் தரட்டுமா? அப்பா பணம் என்றுதான் சொல்வார். அப்புறம் எனக்குக் கடைசிவரை லாட்ஜ்தான்.
அத்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று "குளம்" என்றேன்.
"யாரும்மா அது?"
"குளம் வோணுமாம் சார். காது கேக்கலையா?" என்றது அத்தை.
அப்பா திரும்பி என்னையே பார்த்தார். "சரி, அதையே எழுதிக்கங்க" என்றார்.

21.1.1998
கீழ்பென்னாத்தூர் கடலை மில்லிலிருந்து மூட்டை மூட்டையாக மல்லாட்டைத் தோல். தண்ணீர்மேல் பரப்பினால் மிச்ச எண்ணெயைக் குடித்துக்கொள்கிறது. வலை போட்டு வாரினோம். உடம்பெல்லாம் டீசல் நாற்றம்.

3.2.1998
கிழங்கு நட்டாயிற்று. அது பிடிக்கும்வரை சோற்றுக்கு வேண்டுமே, லாட்ஜுக்குப் போகிறேன். மாடியில் ஒரு வெள்ளைக்கார அம்மா. மௌனவிரதமாம். நான் கூட்டுவேன், அது சிரிக்கும். இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போகிறது.

26.4.1998
ஒரு இலை! உள்ளங்கை அளவு.

30.8.1998
பூ கொஞ்சம்தான், இலை நிறைய. தண்டு முள் கையைக் கீறுகிறது. சுகமாக இருக்கிறது.
"லாட்ஜு வேலைய வுட்டு நின்னுக்கறேன்னு நீயே சொல்லிட்டு வா" என்றார் அப்பா. அதைச் சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.
"காலையில குளத்துக்குப் போவணும் பாய். வெயில் ஏறினப்புறம் வந்து கூட்டறேன், சம்மதமா?"
ரசூல் பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஏம்மா, உனக்குப் பேச வருமா?"