வெட்டு இல்லாத நாளின் குரல்

அக்டோபர் 6, திங்கள்

காலையில் தூறல், பிறகு வெயில். குலசேகரம் போக வேண்டும். எடுக்க வேண்டியது: குடை, அவருடைய இறப்புச் சான்றிதழ் நகல், கண்ணாடி.

ரப்பர் கம்பெனி ஆபீஸ். என் வீட்டுக்காரர் அங்கே சூப்பர்வைசராக இருந்தார். இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. தினமும் பாலுக்காக எத்தனை மரத்தில் பட்டை வெட்டினார்கள், எவ்வளவு பால் என்று கம்பெனி போனில் பேசிப் பதிந்து அனுப்புவார். எழுதச் சோம்பல். அந்தப் பேச்செல்லாம் கம்பெனி கிளவுடில் இருக்கிறதாம். போனை அடக்கம் முடிந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் அவர் படம் ஆறு. குரல் ஒன்றுகூட இல்லை.

ஆபீசில் ஷீபா என்று ஒரு பெண். எழுந்து நாற்காலி தந்தாள்.

"அக்கா, அவியளுக்க அக்கவுண்டை இந்த மாசக் கடைசில அழிக்கப் போறாவ. ஆனா கம்பெனி ஃபைலை வெளிய உள்ளவியளுக்கு அனுப்பக் கூடாதுண்ணு ரூலு."

"நான் வெளிய உள்ளவளா மக்கா?"

கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்கு அப்படித்தான் அக்கா." மேனேஜரிடம் கேட்கிறேன் என்றாள்.

வரும்போது மரச்சீனிக் கிழங்கு வாங்கினேன். வேகவில்லை.

அக்டோபர் 8, புதன்

நல்ல வெயில். போர்வை எல்லாம் துவைத்தேன்.

ஷீபா போன். மேனேஜர் ஒரு ஃபைலுக்குச் சம்மதம். ஆனால் பால் கணக்கு உள்ள எதுவும் வெளியே போகக் கூடாது. அவர் பேசினதே பால் கணக்குதானே. போனை வைத்துவிட்டு அடுப்படியில் இருந்தேன். கஞ்சி பொங்கி வழிந்தது தெரியவில்லை.

பிறகுதான் நினைவு வந்தது. மழை நாள். பட்டை நனைந்தால் மரம் வெட்ட மாட்டார்கள். வெட்டு இல்லை என்றால் கணக்கும் இல்லை. ஆனாலும் இல்லை என்று பேசி அனுப்பியாக வேண்டும்.

திருப்பிக் கூப்பிட்டேன். "மழை நாளாப் பாரு மக்கா."

"இது எனக்குத் தோணவே இல்லியே அக்கா."

சாயங்காலம் ஒன்று கிடைத்துவிட்டது. எனக்கு மெயில் கிடையாது. பக்கத்து வீட்டில் அவர் தங்கச்சி லில்லி. அவள் போனுக்கு வந்தது. நீல எழுத்தில் ஒரு வரி.

"மைனி, அமுக்கட்டா?"

வேண்டாம் என்றேன். 18 சனி அவருக்கு ஓராண்டு ஜெபம். எல்லாரும் கூடியிருக்கும்போது கேட்கலாம். பலாவில் முதல் சக்கை காய்த்தால் சபைக்குக் கொடுத்த பிறகுதானே நாங்கள் தின்போம். அதுபோல.

லில்லியிடம் இப்படிச் சொன்னேன். உண்மையில் பயம். இங்கே மட்டும் எழுதுகிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆராதனை. உபதேசியாரிடம் சொல்லியாயிற்று, சனி நாலு மணி. பாய் ஆறு வேண்டும், இருப்பது நாலு. பாட்டுப் புத்தகம். சாயா. முந்திரிக்கொத்து, லில்லி சுடுவாள்.

லில்லி: "தெனமும் வந்து என் போனைப் பாக்கிய. அது இருக்கா ஓடிப்போச்சாண்ணா? தொறக்கவும் விட மாட்டிய. பொன்னா அது?"

இருந்தது. நீல வரி, அப்படியே.

அக்டோபர் 18, சனி

விடியற்காலையிலிருந்து மழை. பாய் போதவில்லை.

ஜெபம் முடிந்ததும் லில்லி போனை நடுவில் வைத்து அமுக்கினாள். இங்கிலீசில் ஏதோ வந்தது. மறுபடி அமுக்கினாள். அதே.

"காலம் கழிஞ்சு போச்சுண்ணு காட்டுது மைனி."

உபதேசியார் பாட்டு எடுத்துக்கொடுத்தார். எல்லாரும் சாயா குடித்துவிட்டுப் போனார்கள். முந்திரிக்கொத்து மிச்சம்.

"ஏழு நாளுதான்ணு அடியில போட்டிருக்கு. நானும் பாக்கல்ல." லில்லி அழுதாள். திட்ட வாய் திறந்தேன், திட்டவில்லை. அவளுக்கு அண்ணன் அல்லவா. இந்த ஒரு வருடத்தில் அதை ஒருநாள்கூட நினைக்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி கழிந்து இன்றுதான் ஆபீஸ் திறந்தது. முதல் பஸ்ஸில் போனேன். ஷீபா வருவதற்கு முன்பே வாசலில் நின்றேன்.

"அக்கா, அனுப்பினது ஃபைல் இல்ல. ஃபைலுக்குள்ள வழி. ஃபைல் இங்கதான் கெடக்கும். வெளிய உள்ளவியளுக்கு வழியை ஏழு நாள்ல அடைச்சிரும். நாந்தான் சொல்லியிருக்கணும்."

மறுபடி மேனேஜர் அறைக்குப் போனாள். கதவு மூடியிருந்தது. வெளியே நின்று கண்ணாடியைத் துடைத்தேன். மூன்று தடவை துடைத்திருப்பேன்.

வந்தாள். "இந்தத் தடவை ஃபைலையே மெயில்ல சேத்து அனுப்புதேன். ஒங்க கையில இருக்கும். ஆரும் அடைக்க முடியாது."

புறப்படும்போது, "அக்கா, கணக்கு ஏதும் இருக்காண்ணு நான் ஒருக்கா கேட்டுப் பாக்கணும், ரூலு. கேட்டேன். அதுல இன்னொரு ஆளும் உண்டு."

"ஆரு?"

சிரித்தாள். ஃபைலை அனுப்ப உட்கார்ந்தாள்.

அக்டோபர் 23, வியாழன்

மழை. வெட்டு இருக்காது இன்றைக்கு.

லில்லி வீடு. நாங்கள் இரண்டு பேர் மட்டும். நானே அமுக்கினேன்.

முதலில் ஓட்டில் மழை விழும் சத்தம். பிறகு அவர், தொண்டையைச் செருமிக்கொண்டு: "சார், இண்ணைக்கு மழை. வெட்டு இல்ல."

பின்னால் ஒரு பெண்: "சாயா ஆறுது. ஆருட்ட இந்தப் பேச்சு?"

"ஏட்டி, சும்மா இரி. ஆபீசுக்காக்கும்."

"ஆபீசுக்கும் சாயா வேணுமாண்ணு கேளுங்க."

அவர் சிரிக்கிறார். சிரிப்பு பாதியில் நின்றுபோகிறது. அவ்வளவுதான்.

"மைனி, ஒங்களுக்க சத்தமாக்கும் இது."

எனக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ வாயாடி என்று நினைத்தேன். எந்த நாள் என்றும் நினைவில்லை. எத்தனையோ மழை நாள், எத்தனையோ சாயா.

லில்லி மெதுவாக: "அண்ணன் சிரிச்சதை நான் மறந்துபோனேன் மைனி." மறுபடி கேட்டோம். மறுபடியும்.

சாயா போட்டுக் கொண்டுவந்தாள். கையில் வைத்துக்கொண்டே நாலாம் தடவை. ஆறிப்போயிற்று.