மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தீப்பெட்டி வீடு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான், உன் அக்கா, அவள் மகள் வாண்டு மூன்று பேரும் தலைவலிகூட இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நினைக்கிறேன். போனில் பேசினால் அக்கா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

அக்கா குழந்தையோடு இங்கே வந்து நாலு மாதம் ஆகிறது. வேலைக்குப் போகிறாள், வருகிறாள், துணி மடிக்கிறாள், மாப்பிள்ளையைப் பற்றி நானும் கேட்பதில்லை அவளும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து குழந்தையைப் பார்க்கலாமா என்று அவர் மூன்று தடவை செய்தி அனுப்பினார், இவள் பதிலே போடவில்லை. வாண்டுவும் அப்பா என்ற பேச்சையே எடுக்கவில்லை, அதுதான் எனக்கு உறுத்தியது. போன மாதம் பழைய பேப்பர்காரருக்காகக் கட்டி வைத்திருந்த மூட்டையைக் கவிழ்த்துவிட்டு, ஊர் கட்டணும் தாத்தா என்றாள். எனக்கும் வேறு வேலை இல்லை, உட்கார்ந்தேன். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு பக்கத்தை வெட்டித் தரையாகப் போட்டோம். முட்டை அட்டையைக் கவிழ்த்துப் பச்சை அடித்தால் மலை, தேய்ந்துபோன ஸ்பாஞ்சைக் கிள்ளிக் குச்சியில் செருகினால் மரம், கிழிந்த நீலப் பை ஆறு. ஆறு மலைமேல் ஏறாது என்று சொல்லிப் பார்த்தேன், எங்க ஊரு ஆறு ஏறும் என்று வாயை அடைத்துவிட்டாள். சோப்பு டப்பா எங்கள் மூவருக்கும் வீடு. மலைக்கு அந்தப் பக்கம் காலித் தீப்பெட்டி ஒன்றை வைத்தாள், யாருக்கு என்று கேட்டேன். அப்பாவுக்கு, தூரமாவே இருக்கட்டும், ஆனா போக வர பாதை வேணும் என்றாள். வடிகட்டிய தேயிலையைக் காயவைத்துப் பசைமேல் தூவிப் பாதை போட்டோம், மலையடிவாரம் வந்ததும் பசை தீர்ந்துபோய்விட்டது.

சாயங்காலம் வந்த அக்கா விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள், தீப்பெட்டியை எடுத்து அலமாரிக்குமேல் வைத்தாள், குப்பையை எல்லாம் வீட்டுக்குள்ள பரப்பாதீங்கப்பா என்று என்னிடம் சொன்னாள். மறுநாள் வாண்டு தேடினாள், அழவில்லை, அடுப்படியிலிருந்த தீப்பெட்டியின் குச்சிகளைக் கொட்டிவிட்டு அதே இடத்தில் வைத்தாள். அதுவும் அலமாரிமேல் போனது. மூன்றாம் நாள் தீப்பெட்டி கிடைக்காமல் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டையே வீடாக்கிவிட்டாள். அக்கா அதையும் எடுக்கக் குனிந்தபோது வாண்டு தலையைக்கூட நிமிர்த்தாமல், எடுத்துக்கோம்மா நான் மறுபடி செய்வேன் என்றாள். அக்கா தோள்பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாதை மலைகிட்ட முடிஞ்சிபோச்சே, எப்படிப் போவே என்று கேட்டாள். தெரியல, நீதான் சொல்லணும் என்றது குழந்தை. நான் காபி போடப் போகிற மாதிரி எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது அக்கா மலையைக் கத்தரியால் குடைந்து, டிஷ்யூ பேப்பர் சுற்றி வந்த அட்டைக்குழாயைச் செருகிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே மாப்பிள்ளைக்குப் பதில் போனது, ஞாயிறு பத்து மணிக்கு வரலாம் என்று.

வந்தார். அந்நியர் வீட்டுக்கு வந்ததுபோல வாசலிலேயே நின்றார். வாண்டு அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய் உட்காரவைத்து, இது உங்க வீடு, மழை வந்தா குகை வழியா எங்க வீட்டுக்கு வரலாம், ஆனா தூங்க முடியாது, இடமில்ல என்று சொன்னாள். அவர் சிரித்தார், பிறகு கை கழுவப் போனவர் ரொம்ப நேரம் வரவில்லை. அக்கா சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை, அவர் கிளம்பும்போது மட்டும் அங்கிருந்தே, அடுத்த வாரம் பத்தரைக்கு வாங்க என்றாள். அவ்வளவுதான் நடந்தது. இவர்கள் சேருவார்களா என்று எனக்குத் தெரியாது, நீயும் கேட்காதே.

அவர் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை. அக்காவின் கோபத்தை அக்காவே பார்த்துக்கொள்வாள், நீ அதைச் சுமக்க வேண்டாம். தடையை எடுத்துவிடு, கூப்பிட்டால் எடு, பேச ஒன்றுமில்லை என்றால் சாப்பிட்டீங்களா என்று கேள், போதும்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் நன்றாக இரு. வீட்டுச் சாவி இன்னொன்றை நம்பிக்கையான யாரிடமாவது கொடுத்து வை, மறக்காதே. உனக்கும் வாண்டுவின் ஊரில் ஒரு வீடு கேட்டுப் பார்த்தேன், மாமா நேர்ல வந்து இடம் காட்டட்டும், அப்புறம் கட்டலாம் என்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா