குசும்பாவும் குங்குமப்பூவும்

புத்தலப்பட்டு,
11-1-1998

அன்புள்ள ஜெயசீலிக்கு,

கர்த்தர் கிருபையால இங்க எல்லாரும் சொகம். குவைத்துல குளிர் எப்படி? கம்பளி போத்திக்கோ.

மழையில்லாம வேர்க்கடல போச்சுன்னு எழுதினேன் இல்ல? அந்த நெலத்துல வெதைச்ச குசும்பா இந்த வறட்சியிலயும் பூத்து நிக்குது. செடி பூரா முள்ளு. கைல கோணியச் சுத்திக்கினுதான் பூ பறிக்கிறேன். எளசா இருந்தப்போ கீரையாக் கடைஞ்சு துன்னோம். வெதைய செக்குல ஆட்டி எண்ணெ எடுக்கலாம். இதழ மட்டும் திருப்பதி வியாபாரி வரதராஜன் சனிக்கிழமை தோறும் வேன்ல வந்து எடுத்துக்கினு போறாரு. மருந்துக்காம். நீ பாக்கறதுக்கு ஒரு சிட்டிகை உள்ள வெச்சிருக்கேன்.

உன்
இஸ்ரேல்


குவைத்,
28-1-1998

அன்புள்ள மாமாவுக்கு,

ஜெயசீலியின் ஸ்தோத்திரம். நீங்க அனுப்பின பூவ எங்க மேடம் பாத்தாங்க. தண்ணியில போட்டதும் நெறம் கொட்டிச்சு, வாசனையே இல்ல. "குங்குமப்பூன்னு ஏமாத்தி விக்கிறது இதத்தான்"னு சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

மருந்துன்னா என்ன மருந்து? எந்தக் கடைக்கு? நீங்க கேட்டீங்களா, இல்ல அவரா சொன்னாரா? மூணு வருஷம் இங்க வூட்டு வேல செஞ்சு வாங்கின நெலம் மாமா அது. தெரிஞ்சத ஒளிக்காம எழுதுங்க.

ஜெயசீலி


புத்தலப்பட்டு,
12-2-1998

அன்புள்ள ஜெயசீலிக்கு,

உன் கடுதாசி போலீஸ் விசாரணை மாதிரி இருக்குது. வித்த பொருள் போற எடத்துக்கெல்லாம் நான் பின்னாடியே போக முடியுமா?

தங்கச்சி ஹன்னா வடமாலபேட்டையிலிருந்து பிரசவத்துக்கு வந்திருக்கா. அவ வூட்டுக்காரரு திருப்பதியில ஒரு டப்பா வாங்கிக் குடுத்திருக்காரு, தெனம் காலையில பால்ல போட்டுக் குடிக்கிறா. நம்ம ஆடு ரெண்டு குட்டி போட்டுது. ஒண்ணு கருப்பு.

இஸ்ரேல்


குவைத்,
28-2-1998

மாமாவுக்கு,

டப்பான்னு எழுதினீங்க. என்ன டப்பான்னு எழுதல. அடுத்த வரியிலயே ஆட்டுக்கு ஓடிட்டீங்க.

வயித்துப்புள்ளக்காரி பால்ல போட்டுக் குடிக்கிறது வேற என்னவா இருக்கும்? அந்தப் பூவ உங்க கண்ணுக்கு அடையாளம் தெரியாதா? கூடப் பொறந்தவ மாமா!

உங்க பழைய கடுதாசியெல்லாம் எடுத்துத் திரும்பப் படிக்கிறேன். வரிக்கு வரி என்னத்த வுட்டீங்கன்னு தேடுறேன். இப்படிப் படிக்க எனக்கே புடிக்கல. ஹன்னாகிட்ட சொல்லுங்க. சொல்லிட்டேன்னு நீங்க எழுதினா அதையும் நம்புவேனான்னு தெரியல.

ஜெயசீலி


புத்தலப்பட்டு,
17-3-1998

அன்புள்ள ஜெயசீலிக்கு,

வரதராஜன இனிமே வர வேணாம்னுட்டேன். மீதி இதழ் களத்துலயே கெடக்குது.

ஹன்னா ஆசையா டப்பாவத் தொறந்து காட்டின அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிது. இதழோட ஒரு முள்ளு நுனி ஒட்டிக்கினு இருந்துது. அவ குடிக்கறதப் பாத்துக்கினு பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்.

நேத்து அவளக் களத்துக்குக் கூட்டிக்கினு போனேன். டப்பாவுல இருந்தத கைல கொட்டி, காயுற இதழோட வெச்சுப் பாத்தா.

"எத்தினி நாளா தெரியும்ணா?"

"இப்பதான், உன் டப்பாவப் பாத்துதான்"னேன்.

அதுவும் பொய். மொத சனிக்கிழமையே வரதராஜன் வேன்ல குங்குமப்பூன்னு லேபிள் ஒட்டின காலி டப்பாங்களப் பாத்தேன். வேர்க்கடல காஞ்சு போயிருந்துது, பூவ வாங்க வேற ஆளில்ல. வாயத் தொறக்கல. உனக்கு மருந்துன்னு எழுதினப்பவும் தெரிஞ்சுதான் எழுதினேன்.

இத அவகிட்டயும் சொல்லிட்டு வந்துதான் கையெழுத்து போடுவேன்.

இஸ்ரேல்

அண்ணி, சொன்னாரு. நெசம்தான். ஆசுபத்திரியில காட்டினோம், புள்ள நல்லாருக்குது, ஒதைக்குது. அண்ணங்கிட்ட நான் பேசறதில்ல. இத எழுதத்தான் பேனா கேட்டேன்.
ஹன்னா