மூன்று புட்டிப் பால்

மார்ச் 4
தங்கை கைக்குழந்தையோடு வந்து இறங்கியிருக்கிறாள். பின்னறையைக் கொடுத்தேன். அவளுக்கு எச்.ஐ.வி.யைக் கொடுத்த புண்ணியவான் வேலை தேடிக் கடல் தாண்டிவிட்டான். அந்தக் கல்யாணம் வேண்டாம் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். யார் கேட்டார்கள்?

மார்ச் 6
தாய்ப்பால் கொடுக்கிறாள்! இருபது வருடம் வேதியியல் கற்பித்தவன் வீட்டில். மாத்திரை தவறாமல் போடுகிறாளாம். கிருமி பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டதாம். குழந்தைக்கும் மருந்து ஊற்றுகிறாளாம். "ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான்னு நர்ஸம்மா சொன்னாங்கண்ணா." நர்ஸம்மா பெரிய மேதை! கொடுக்கவே கூடாது என்று என் புத்தகம் சொல்கிறது. பக்கத்தைக் காட்டினேன்.
"நான் பள்ளிக்கூடம் போன காலத்துப் புக்கு" என்கிறாள். வாயைப் பார்.

மார்ச் 9
பால்மாவு டின் வாங்கினேன். அவள் துணி துவைக்கையில் குழந்தைக்கு ஒரு புட்டி. மடக்மடக்கென்று குடித்தது. இந்த வீட்டில் அதற்காவது என் அருமை தெரிகிறதே.

மார்ச் 10
இன்றும்.

மார்ச் 11
மூன்றாவது. நர்ஸ் மீது புகார்க் கடிதமும் எழுதி முடித்தேன். இரண்டு பக்கம். காரசாரமாக.

மார்ச் 12
ஆறாவது வாரப் பரிசோதனை. நானும் போனேன், கடிதம் சட்டைப்பையில். குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தாள் நர்ஸ்.
"புட்டிப்பால் எதுவும் குடுக்கலையே?"
"இல்லைங்க" என்றாள் தங்கை.
"குடுத்தா என்னவாம்?" என்றேன்.
"நீங்க யாரு?"
"தாய்மாமன்."
"ரெண்டையும் கலந்து குடுக்கறதுதான் சார் மோசம். பிஞ்சுக் குடல் புண்ணாயிட்டா கிருமி சுலபமா உள்ள போயிடும். தாய்ப்பால்னா அது மட்டும். டின் பால்னா அது மட்டும்."
பேசாமல் வந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமே — சொல்லித் தொலைத்தேன். மூன்று நாள், மூன்று புட்டி.
தங்கை என் பக்கம் திரும்பவில்லை. நர்ஸ் திட்டியிருந்தால் தேவலை. "அம்மா மாத்திரை ஒழுங்காப் போடறதால பயம் கம்மி. ஆனா இந்த மூணு நாள் சங்கதி இன்னைக்கு ரத்தத்துல தெரியாது. மறுபடி எடுக்கணும்" என்று மட்டும் சொன்னாள். தேதியைக் கடிதத்தின் முதுகில் குறித்துக்கொண்டேன். கையில் வேறு தாள் இல்லை.

மார்ச் 13
பின்னறை உள்ளே தாழ்.

மார்ச் 30
தாழ்.

ஏப்ரல் 24
மறுபரிசோதனை முடிவு: இதிலும் கிருமி இல்லை. பால் மறக்கடித்த பிறகு இன்னொரு முறை பார்ப்பார்களாம். நர்ஸ் சிரித்தாள். எனக்கு இப்போதும் அவளைப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 26
தங்கை குளிக்கப் போகுமுன் குழந்தையை என் மடியில் கிடத்தினாள். அதற்கு முன், புட்டி ஏதும் ஒளித்திருக்கிறேனா என்று என் சட்டைப்பை இரண்டையும் தடவிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.
குழந்தை என் விரலைச் சப்ப வாயைக் கொண்டுவந்தது. விரலை இழுத்துக்கொண்டேன்.