ஸ்டீரிங் இல்லாத வண்டி

7 பிப்ரவரி 2022, திங்கள்

டிராம் பாதையை நீட்டும் திட்டம் கடைசியில் என் மேஜைக்கு வந்துவிட்டது. ஒரே மூச்சில் கட்ட முடியாதாம், இரண்டு கட்டமாகத்தான். முதல் கட்டத்தை எங்கே முடிப்பது என்று எழுதித் தர வேண்டியவள் நான். சந்தையிலா, மேட்டு ஆஸ்பத்திரியிலா?

வரைபடத்தில் சிவப்புப் பென்சிலை வைத்தேன், கை ஓடவில்லை. சந்தையிலிருந்து மேடு வரைக்கும் இப்போது போவது பதினேழாம் எண் பஸ். அதை ஓட்டுவது என் வீட்டுக்காரர்.

8 பிப்ரவரி

மேலதிகாரியிடம் விஷயத்தைச் சொல்லி, வேறு யாரையாவது போடுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீட்டுல ஒரு பஸ் டிரைவர் இல்லாத ஆளுக்கு இந்த ஊர்ல நான் எங்கே போறது?" நீங்கள் சொன்னதைப் பதிந்துகொள்கிறேன், முடிவை இன்னும் இரண்டு பேர் சரிபார்ப்பார்கள், போய் வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்காரரிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. இன்று கேட்பார், அப்போது சொல்லலாம் என்று பார்த்தால் அவர் கேட்கவே இல்லை.

22 பிப்ரவரி, செவ்வாய்

கோடு போடுவதற்கு முன் அந்தப் பாதை முழுவதையும் ஒருமுறை நடந்துவிட வேண்டும் என்பது எங்கள் பிரிவின் பழக்கம். நடந்தேன். சந்தை வரை மட்டும் வரும் வேறொரு பஸ்ஸிலிருந்து, காலில் கட்டோடு ஒரு பெண் இறங்கினாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவள். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் எக்ஸ்ரே உறை. பதினேழாம் எண் நிறுத்தத்துக்குத் தெருவைக் கடக்க வேண்டும். ஒரு வண்டியும் அவளுக்காக நிற்கவில்லை.

பதினேழு வந்தது. அவரேதான். பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நின்ற காய்கறி வேனை உரசாமல், வேகமும் குறையாமல், எவ்வளவு அழகாக ஒதுங்கி வந்தார். வேடிக்கை பார்க்கிற ஆளாக நின்று பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டிலும் அப்படித்தான். எதிரே சண்டை வருகிறது என்று தெரிந்தால் போதும், உரசாமல் ஒதுங்கிப் போய்விடுவார்.

11 மார்ச், வெள்ளி

ஆஸ்பத்திரி என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். கட்டுப் போட்ட அந்தக் காலை மறுபடி அந்தத் தெருவில் இறக்கிவிட மனம் வரவில்லை.

12 மார்ச், சனி

சொன்னேன். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

பதினேழு நின்றுபோகும். ஓட்டுநர்களை ஊரின் மறுகோடி டிப்போவுக்கு மாற்றுவார்கள். விடிவதற்குள் கிளம்ப வேண்டும். அவர் திரும்பி வரும்போது நானும் மகளும் வேலை, படிப்பு என்று வெளியே போயிருப்போம். இத்தனையையும் மென்று முழுங்கி ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"நல்லதுதான். மேட்டுல கிளட்ச் ரொம்பத் தேயுது" என்றார். தேய்த்த காலரையே திரும்பத் தேய்த்தார். பிறகு கடைக்குப் போய் வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். வெறுங்கையோடு திரும்பினார்.

ஏன், என்னைத் திட்டக்கூடாதா? ரெண்டு வார்த்தை கத்திட்டுப் போனா என்ன? நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும்.

18 ஜூன் 2024, செவ்வாய்

சந்தைத் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். பதினேழு சுற்றுவழியில் போகிறது. வீட்டில் ஊர் உலகம் எல்லாம் பேசுகிறோம், டிராமைத் தவிர.

9 ஜனவரி 2025, வியாழன்

விருப்பமுள்ள பஸ் ஓட்டுநர்களுக்கு டிராம் பயிற்சியாம். தேறினால் இதே பாதையில் வேலை. அவர் பெயர் கொடுத்திருப்பதை மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்குச் சந்தோஷம். என்னிடம் சொல்லவில்லையே என்ற வருத்தமும் இருக்கிறது.

20 பிப்ரவரி, வியாழன்

தேறவில்லை.

சாப்பிடும்போது அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். பணிமனைத் தண்டவாளத்தில் ஓட்டச் சொல்லி, நடுவே ஒரு சைக்கிள் பொம்மையைத் தள்ளிவிட்டார்களாம். பிரேக் போடவேண்டிய கை கைப்பிடியை விட்டுவிட்டு, இல்லாத ஸ்டீரிங்கைப் பிடித்து வலப்பக்கம் ஒடித்திருக்கிறது. பொம்மை காலி. பின்னால் நின்றவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு.

சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருந்தது. கைகளை மட்டும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

1 மார்ச், சனி

கூடத்தில் நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்து, இடது கையில் குழம்புக் கரண்டியைக் கொடுத்துவிட்டாள் மகள். முன்னால் தள்ளினால் ஓட்டம், பின்னால் இழுத்தால் பிரேக். வாளி, குடை, தலையணை என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு குறுக்கே குறுக்கே ஓடினாள். ஒவ்வொரு முறையும் அவர் கை காற்றில் ஸ்டீரிங்கை ஒடித்தது.

"ஒதுங்காதீங்கப்பா. நிறுத்துங்க." பிடிவாதத்தில் அப்படியே என்னை உரித்து வைத்திருக்கிறாள்.

அவள் களைத்துப்போய்த் தண்ணீர் குடிக்கப் போனாள். துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் குறுக்கே நடந்தேன். வலது கை அசையவில்லை. கரண்டி பின்னால் வந்தது. நிறுத்திவிட்டார்.

நான் நகரவில்லை. அவரும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"அன்னிக்கு நீ சொன்னப்போ எனக்குக் கோபம் வந்துச்சு" என்றார்.

"தெரியும். சொல்லுங்க."

"இப்பவும் கொஞ்சம் இருக்கு. ஆனா அதைவிட பயம்தான் ஜாஸ்தி. பதினேழுல ஒரு பய என்னைப் பார்த்துச் சிரிச்சதில்ல."

கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் காலடியிலேயே உட்கார்ந்தேன். நிறையப் பேசினார். இந்த மூன்று வருடத்தில் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினார். என்னைத் திட்டவும் செய்தார். அப்பாடா. எனக்கு அழுகை வந்தது, ஆனால் கேட்கக் கேட்க நெஞ்சு லேசாகிக்கொண்டே போனது. சமையலறை வாசலில் நின்ற மகள் தண்ணீர்ச் செம்போடு உள்ளே திரும்பிப் போய்விட்டாள், சமர்த்து.

14 மார்ச், வெள்ளி

தேறிவிட்டார்! மகள் குழம்புக் கரண்டியைக் கழுவித் துடைத்து, அலமாரியில் பரிசுக்கோப்பை போல நிறுத்தி வைத்திருக்கிறாள். குழம்பை டம்ளரால் மொண்டு ஊற்றினோம்.

5 அக்டோபர், ஞாயிறு

பயணிகள் இல்லாத சோதனை ஓட்டம். சந்தையிலிருந்து ஆஸ்பத்திரி வரை, நான் பென்சிலால் போட்ட கோட்டின் மேலேயே. ஓட்டியது அவர். ஓட்டுநர் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கையில் நானும் மேலதிகாரியும்.

சந்தைத் தெருவில் அதே மாதிரி ஒரு காய்கறி வேன், பின்பாகம் தண்டவாளத்தின் மேல். கண்ணாடி வழியே அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை கைப்பிடியை மெதுவாகப் பின்னால் இழுத்தது. வலது கை தொடையின் மேல் அப்படியே கிடந்தது. வண்டி அலுங்காமல் நின்றது. மணியடித்துவிட்டு வேன் நகரும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

"அவர் சரியாத்தான் ஓட்டுறாரு. நீங்க என்ன பண்றீங்க?" என்றார் மேலதிகாரி.

குனிந்து பார்த்தேன். மடிக்கு மேலே என் இரண்டு கைகளும் இல்லாத ஸ்டீரிங்கை இறுகப் பிடித்து, வலப்பக்கம் முழுக்க ஒடித்து வைத்திருந்தன.