ஒரே நம்பர், வேறு பேட்ச்

தேதி ஆறு

அன்பு மகள் பம்பரத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் சுகம். அப்பாவுக்கு மட்டும் முழங்கால் வலி. மருந்தைவிட என்னைக் குறை சொல்வதில்தான் அவருக்கு அதிக ஆறுதல் கிடைக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் பாதியில் நீ ஜன்னலுக்கு வெளியே எதையாவது பார்த்துவிட்டு, "ம்… என்னம்மா சொன்னே?" என்பாய். தாளில் இருந்தால் விட்ட இடத்திலிருந்து எடுத்துப் படிக்கலாம்.

கட்டிடம் வரைகிற வேலையை விட்டுவிட்டு, இடிந்த பழைய கட்டிடங்களைப் பழுதுபார்க்கிற வேலைக்குப் படிக்கப்போகிறேன் என்று நீ சொன்னபோது நான் குதித்தது உண்மை. இப்போது குதிக்கவில்லை. சாரத்தில் ஏறி, சுவரைத் தட்டி, காரையைச் சுரண்டி, மறுபடி இறங்கி ஓடுவது உனக்கு ஏற்ற வேலைதான். நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்த்திவைக்கத்தான் யாராலும் முடியவில்லை. முப்பத்துமூன்று வயதில் உனக்குக் கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர் எழுதித் தந்த தாளை நாலு தடவை படித்துவிட்டேன். அதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வருடம் வேலை பார்த்த அனுபவச் சான்றிதழை இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் கொடுக்காவிட்டால் உன் இடம் போய்விடும் என்றாய். உன் பழைய முதலாளி, அதுதான் கண்ணாடி அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற அந்தக் கண்ணாடிக்கூண்டு, மூன்று முறை கேட்டும் தரவில்லை. நாலாவது முறை நானே போன் செய்தேன். "வேலை பார்த்தாள்னு எழுத முடியாதும்மா. வந்து போனாள்னு வேணா எழுதித் தர்றேன்" என்றான். பின்னால் யாரோ சிரித்தார்கள். சரிங்க சார் என்று வைத்துவிட்டேன்.

பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் உன் கையில் பிளாஸ்டிக் பொம்மை வாட்ச் ஒன்றைக் கட்டிவிட்டு, "இனிமேலாவது மணி பாருங்க மேடம்" என்றானே, அதை நீ என்னிடம் சொல்லவே நாலு மாதம் ஆயிற்று. அன்றைக்கு நீ ஏன் தாமதமாகப் போனாய் என்பது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த ஒரு மணி நேரமும் நீ நம் டைல் கடை வாசலில்தான் நின்றாய். அவனுடைய வேலைக்காகத்தான் நின்றாய். ஒவ்வொரு தடவை சுட்ட பேட்சிலிருந்தும் ஒரு டைலை எடுத்து, வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாய். ஒரே நம்பர் போட்ட டைலாக இருந்தாலும் ஒரு சூளை போல இன்னொரு சூளை சுடாது. கடை விளக்கில் தெரியாத வித்தியாசம் வெயிலில் தெரியும். வியாபாரத்தில் இருக்கிற எனக்கே பெட்டியில் அச்சடித்த எழுத்தைப் பார்த்தால்தான் பேட்ச் தெரியும். உனக்குப் பார்த்தாலே தெரியும்.

இப்போது கேள். கண்ணாடிக்கூண்டு ஒரு பெரிய மருத்துவமனைக்கு முன்கூடம் கட்டுகிறான். நானூறு பெட்டி டைல் நம் கடையில்தான். உன் இடத்துக்கு வந்த பையன் விளக்கு வெளிச்சத்தில் ஒரு டைலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சூப்பர் என்று கிளம்பிவிட்டான். கூண்டு போனில் கேட்டான்: "எல்லாம் ஒரே நம்பர்தானே?" நான் சொன்னேன்: "ஒரே நம்பர்தான் சார்." பொய் இல்லை. ஒரே பேட்சா என்று அவன் கேட்கவில்லை. வழக்கமாக நானே சொல்லிவிடுவேன், பெட்டியிலும் சாக்பீஸால் எழுதிவிடுவேன். இந்தத் தடவை எழுதவில்லை.

நானூறு பெட்டியும் ஒரே பேட்சாகவே என் பின் குடோனில் இருந்தது. இருந்தும் இருநூற்று நாற்பது பெட்டியை ஒரு பேட்சிலும், மிச்சத்தை இன்னொரு பேட்சிலுமாக எடுத்து லாரியில் ஏற்றினேன். பெட்டி ஏற ஏற எனக்கு வயிறு குளிர்ந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கூடம் அது. வேலை முடிகிறவரை தொங்கவிட்டிருக்கிற திரையை எடுத்து வெயில் விழட்டும். பாதித் தரை பால், பாதித் தரை சாம்பல். அப்போது அவன் என்னிடம் ஓடி வருவான். வந்தால் முதலில் சான்றிதழ், பிறகுதான் டைல்.

சாப்பிட மறக்காதே.

அம்மா


தேதி இருபது

அன்பு மகளுக்கு,

உன் பதில் கிடைத்தது. எட்டு வரி, அதில் ஐந்து வரி வசவு. பரவாயில்லை, என் கையெழுத்தைவிட உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது. "மேஸ்திரியை நெனச்சுப் பாத்தியா? அப்படி மிரட்டி வாங்குற காகிதம் எனக்கு வேணாம்" என்று எழுதியிருக்கிறாய். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

மேஸ்திரியை நான் நினைக்கவில்லை. அதுதான் உண்மை. நான் அந்தக் கூண்டை மட்டும்தான் குறிவைத்தேன். உன் கடிதம் வந்த மறுநாளே மேஸ்திரி கடைக்கு வந்துவிட்டார். "அக்கா, ஷேடு மாறுதுன்னு அந்தப் பையன்கிட்ட அப்பவே சொன்னேன். 'சார் போடச் சொல்லிட்டாரு, போடுங்க'ன்னான். இப்ப நான்தான் பெட்டியைக் கலந்துட்டேன்னு எல்லாரு முன்னாடியும் கத்துறாரு. எங்க ஏழு பேரையும் இனிமே வராதீங்கங்கிறாரு" என்றார். இருபது வருடமாக நம் டைலைப் பதிக்கிற மனிதர். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவரையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கூடத்தில் கூண்டு, அந்தப் பையன், மருத்துவமனையின் பெரிய டாக்டரம்மா, இன்னும் ஏழெட்டுப் பேர். தரையைக் கழுவியிருந்தார்கள். நடுவில் கோடு போட்ட மாதிரி பிரிந்து கிடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கூண்டு என்னைப் பார்த்ததும், "பாருங்கம்மா உங்க மேஸ்திரி பண்ண லட்சணத்த" என்றான். நான் சொன்னேன்: "அவர் மேல தப்பு இல்ல சார். அனுப்பினதே ரெண்டு பேட்ச். அனுப்பினது நான். ஒரே நம்பரான்னு கேட்டீங்க, ஆமான்னேன். பேட்ச் கேக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் உங்ககிட்ட ஆறு வருஷம் இருந்தா. அவ வெயில்ல நின்னு பாத்துட்டு வந்ததாலதான் அதுவரைக்கும் உங்க தரையெல்லாம் ஒரே நிறமா இருந்துச்சு. நீங்க அவளுக்கு பொம்மை வாட்ச் கட்டி அனுப்பிட்டீங்க."

டாக்டரம்மா, "என்ன வாட்ச்?" என்று கேட்டார். நான் முழுக்கதையும் சொன்னேன், ஒன்று விடாமல். பதினெட்டுப் பேர் முன்னால் நடந்ததற்குப் பத்துப் பேர்தான் கிடைத்தார்கள், என்ன செய்வது. அந்தப் பையன் தரையைப் பார்த்தான். கூண்டின் காது சிவந்தது. டாக்டரம்மா, "எப்ப சரியாகும்?" என்று அவனிடம் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்காகத்தான் ஒரு வருடமாகக் காத்திருந்தேன், தெரியுமா?

"இன்னைக்கே லாரி வரும் சார், உங்க ஆபீஸ்ல ஒரு தாள் வாங்கிட்டு வந்துடறேன்" என்றேன்.

இதில் எனக்கும் அடி விழுந்தது, மறைக்கவில்லை. பேட்ச் சொல்லாமல் சரக்கு அனுப்புகிற கடை என்று நான்கு இடத்தில் பேச்சு. நேற்று ஒரு பழைய வாடிக்கையாளர் நூறு பெட்டியையும் தெருவில் பிரித்துப் பார்த்துத்தான் ஏற்றினார். இருபத்தாறு வருடத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மேஸ்திரிக்கு இரண்டாவது தடவை பதிக்கிற கூலி என்னுடையது. அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் முன்போல என்னோடு சிரிக்கவில்லை. அப்பா இரண்டு நாளாக என்னைக் குறை சொல்லவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் வருத்தமா என்று கேட்டால், மேஸ்திரி விஷயத்தில் மட்டும்.

இனி அந்தக் காகிதம். அவன் கூண்டுக்குள் உட்கார்ந்து தாளை இழுத்துக்கொண்டு, "என்ன எழுதணும்? நீங்களே சொல்லுங்க, எழுதித் தொலைக்கிறேன்" என்றான். வேண்டுமென்றே கேட்டான். எந்தப் பெட்டியைக் காட்டினாலும் பத்து நிமிடம் பேசி விற்கிறவள் நான். உன்னைப் பற்றி நல்லதாக ஒரு வாக்கியம் சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை என்று அந்த நாற்காலியில்தான் தெரிந்தது. சின்ன வயதில் உன்னை என்னென்ன சொல்லியிருக்கிறேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ சாவியை மறப்பாய், அதையெல்லாம் மறந்திருக்க மாட்டாய். அவன் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டே இருந்தான். தட்டட்டும் என்று நேரம் எடுத்துக்கொண்டேன். ஒரு வரியைச் சொல்லி, வேண்டாம் அடியுங்கள் என்று சொல்லி, மறுபடி சொல்லி, கடைசியில் நாலு வரி தேறியது.

சான்றிதழை இதோடு கூரியரில் அனுப்புகிறேன். முப்பதாம் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. கொடுத்துவிடு. என்னைத் திட்டுவதானால் கொடுத்துவிட்டுத் திட்டு; எத்தனை வருடம் ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன். வேண்டவே வேண்டாம் என்று கிழிக்கிற எண்ணமாக இருந்தால் கிழி, நான் கேட்கமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த நாலு வரியை ஒரே ஒரு தடவை, நடுவில் எழுந்து போகாமல், கடைசி வரைக்கும் படித்துவிடு. கையெழுத்துதான் அவனுடையது.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அம்மா